ஆர்வியில் அமெரிக்க எழுத்தாளர் ஊர்களுக்கும் சாலையோர விநோதங்களுக்கும்: கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஜூன் 12ஆம் தேதி சிகாகோ புறநகரிலிருந்து கிளம்பினோம். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா, மனைவி, பத்து வயது மகள், ஆறு வயது மகன், நான். ஆறு பேர், ஒரு வாடகை ஆர்வி (படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம் வண்டி), பதினொரு இரவு, 2,340 மைல். மகளுக்கு 'லிட்டில் ஹவுஸ்' புத்தகங்களை எழுதிய லாரா இங்கால்ஸ் வைல்டர் என்றால் உயிர். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியரான அப்பாவுக்கு டாம் சாயர் கதையை எழுதிய மார்க் ட்வைன். மகனுக்குப் பெரிய பொம்மை எதுவாக இருந்தாலும் சரி.

திரும்பி வந்தபோது எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஆனால் நான் மட்டும் அந்தப் பயணத்துக்கு முன் மூன்று மாதம், பயணத்தில் முதல் நான்கு நாள் பட்ட பாடு இருக்கிறதே, அது யாருக்கும் தேவையில்லை. இதை நெடுங்காலம் ஆர்வி ஓட்டியவர்களுக்காக எழுதவில்லை. முதன்முறை எடுக்கப்போகிறவர்களுக்காக.

1. வண்டி தேடுவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள்

நான் செய்த முதல் தப்பு, நல்ல விலைக்குக் கிடைக்கிறதே என்று வண்டியை முதலில் பதிவு செய்தது. எழுத்தாளர் வீடுகள் பெரிய அருங்காட்சியகங்களைப் போல வருடம் முழுக்கத் திறந்திருப்பவை அல்ல. பெரும்பாலும் சின்ன ஊர், சின்ன அறக்கட்டளை, நாலைந்து பேர் சேர்ந்து நடத்துவது. மே கடைசியில் வரும் மெமோரியல் டே முதல் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே வரைதான் முழு நேரமும் திறந்திருக்கும். அதிலும் சில இடங்களில் ஞாயிற்றுக்கிழமை பாதி நாள், திங்கள் விடுமுறை. வீட்டுக்குள் போக வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்றால் கடைசிச் சுற்று எத்தனை மணிக்கு என்பதையும் கேளுங்கள். மூடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அது கிளம்பிவிடும். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள். தொலைபேசியில் கேளுங்கள். எனக்கு எடுத்துப் பேசிய எல்லாருமே பொறுமையாகப் பேசினார்கள், பெரிய வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பது வரை.

கூட்டம் கூடும் தேதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். தென் டகோட்டாவின் டி ஸ்மெட்டில் ஜூலை வார இறுதிகளில் லாராவின் கதையைத் திறந்தவெளி நாடகமாகப் போடுகிறார்கள். அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலையில்தான் போக வேண்டும். ஜூனில் போன எங்களுக்கு அது தவறிப்போனது. மார்க் ட்வைன் வளர்ந்த, மிசௌரியின் ஹானிபல் ஊரில் ஜூலை 4ஐ ஒட்டி டாம் சாயர் விழா நடக்கும், வேலிக்கு வெள்ளையடிக்கும் போட்டியெல்லாம் உண்டு. விழாவுக்காகப் போகாதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. ஆகஸ்ட் தொடக்கத்தில் தென் டகோட்டாவின் ஸ்டர்ஜிஸில் பத்து நாள் மோட்டார் சைக்கிள் திருவிழா. அப்போது அங்கே பிளாக் ஹில்ஸ் மலைப் பக்கம் ஆர்வியை இரவு நிறுத்தும் கேம்ப்கிரவுண்டில் இடமும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை எகிறியிருக்கும்.

இன்னொரு பொறி: ஒரே எழுத்தாளருக்கு நாலைந்து ஊரில் வீடு இருக்கும். டி ஸ்மெட்டில் இங்கால்ஸ் குடும்பம் அரசு நிலம் பெற்றுக் குடியேறிய இடமும் கல்லறைகளும் இருக்கின்றன; ஆனால் லாரா அங்கே இல்லை. அவர் புத்தகங்களை எழுதிய வீடும் அவருடைய கல்லறையும் மிசௌரியின் மான்ஸ்ஃபீல்டில். நடுவில் பல நூறு மைல். "எழுதின மேசை எங்கேப்பா?" என்று மகள் கேட்டபோதுதான் எனக்கே அது உறைத்தது. டி ஸ்மெட்டிலேயே ஊருக்குள் இருக்கும் வீடுகளும் ஊருக்கு வெளியே இருக்கும் நிலமும் வேறு வேறு அமைப்பினர் நடத்துபவை. டிக்கெட் தனித்தனி. ஒன்றை வாங்கிவிட்டு இன்னொன்றின் வாசலில் போய் நிற்காதீர்கள்.

சில வீடுகள் இன்றும் தனியார் குடியிருப்பு. மின்னசோட்டாவின் செயின்ட் பாலில் நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் வாழ்ந்த சம்மிட் அவென்யூ வீடு அப்படித்தான். நடைபாதையில் நின்று பார்க்கலாம், அவ்வளவே.

2. ஒரு நாளைக்கு 200 மைல், இரண்டு நிறுத்தம்

மேப் காட்டும் நேரம் காருக்கானது. ஆர்விக்கு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். 60, 62 மைல் வேகத்துக்கு மேல் போனால் வண்டி ஆடும், பெட்ரோலும் குடிக்கும். ஆறு பேரில் யாருக்காவது எப்போதும் ஏதாவது வேண்டியிருக்கும். முதல் நாளே 350 மைல் போட்டு, இருட்டிய பிறகு கேம்ப்கிரவுண்டில் நுழைந்து, டார்ச் வெளிச்சத்தில் எந்தக் குழாய் எதற்கு என்று தெரியாமல் பத்தே முக்கால் வரை நின்றேன். பக்கத்து வண்டிக்காரர் செருப்புக்கூடப் போடாமல் வந்து உதவினார். நாலு மணிக்கு முன் நிறுத்துமிடம் சேர வேண்டும் என்பதை அன்றிலிருந்து விதியாக வைத்துக்கொண்டோம்.

நாங்கள் போன பாதை: விஸ்கான்சினில் பெப்பின், மின்னசோட்டாவில் ஆஸ்டின், புளூ எர்த், வால்நட் குரோவ், பிறகு தென் டகோட்டாவில் டி ஸ்மெட், மிட்செல், சேம்பர்லின், பேட்லாண்ட்ஸ், வால், ரஷ்மோர் மலை. அங்கிருந்து தெற்கே நெப்ராஸ்காவில் அலையன்ஸ், ரெட் கிளவுட். கடைசியில் மிசௌரியில் ஹானிபல், வீடு.

தென் டகோட்டாவில் ஐ-90 நெடுஞ்சாலையின் எக்ஸிட் (வெளியேறும் வழி) எண்கள் மேற்கு எல்லையிலிருந்து எண்ணிய மைல் கணக்கு. மிட்செல் 332, வால் 110. கழித்தால் தூரம் வந்துவிடும், 222 மைல். பின்னால் இருந்து "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கும் பையனிடம் இந்தக் கணக்கை ஒப்படைத்துவிடுங்கள், இரண்டு மணி நேரம் சத்தமில்லாமல் போகும்.

அதே சாலையில் மர்டோ தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். மேற்கே போகும்போது ஒரு மணி நேரம் லாபம். திரும்பும்போது நெப்ராஸ்காவுக்குள் அதே ஒரு மணி நேரம் போய்விடும். அலையன்ஸ் ஒரு நேர மண்டலம், ரெட் கிளவுட் வேறு. முன்பதிவு செய்த சுற்றுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேருவது இப்படித்தான் நடக்கிறது.

3. எந்த வண்டி

கிளாஸ் ஏ என்பது பஸ் மாதிரி. கிளாஸ் பி வேன், இரண்டு பேருக்குச் சரி. குடும்பத்துக்கு கிளாஸ் சி. ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்குமே, அது. 25 முதல் 28 அடிக்குள் எடுங்கள். 31 அடி வண்டி அதே விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். சின்ன ஊர்களில் திருப்ப முடியாது, பழைய கேம்ப்கிரவுண்ட் இடங்களில் நுழையாது.

"ஏழு பேர் தூங்கலாம்" என்று விளம்பரத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டிய எண் அது இல்லை. எத்தனை சீட் பெல்ட் என்று கேளுங்கள். ஏழு பேர் தூங்கும் வண்டியில் ஐந்து பெல்ட் மட்டும் இருப்பது சகஜம். அடுத்த கேள்வி, குழந்தை இருக்கை எங்கே கட்டுவது? முன்பக்கம் பார்த்த இருக்கையில்தான் கட்ட வேண்டும். பக்கவாட்டு சோபாவிலும் பின்பக்கம் பார்த்த சாப்பாட்டு மேசை இருக்கையிலும் கட்டக்கூடாது. அந்த இருக்கையின் படத்தை அனுப்பச் சொல்லி வாங்கிப் பாருங்கள். நான் பதிவு செய்த முதல் வண்டியை ரத்து செய்ததே இதனால்தான். ரத்துக் கட்டணம் 100 டாலர்.

4. ஆவணங்கள்

இந்த அளவு வண்டிக்குச் சாதாரண கார் லைசென்ஸ் போதும். ஓட்டப்போகிற எல்லாருடைய பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது இடித்தால் காப்பீடு கைகழுவிவிடும். மனைவியின் பெயரைச் சேர்க்கச் சோம்பல்படாதீர்கள்.

இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்து ஓட்டுபவர் என்றால் அங்கிருந்து கிளம்பும் முன்பே ஆர்டிஓவில் படிவம் 4ஏ கொடுத்து சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வருவது நல்லது. கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். அசல் லைசென்ஸும் கூடவே இருந்தால்தான் அதற்கு மதிப்பு. இங்கே குடிவந்துவிட்டவருக்கு இது ஈடாகாது. இல்லினாய் மாநிலத்தில் குடியேறி 90 நாளுக்குள் இந்த மாநில லைசென்ஸ் எடுத்தாக வேண்டும்.

குடியுரிமை இல்லாத பெரியவர்கள் தங்கள் பதிவு ஆவணத்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். விசாவில் வந்தவர்களுக்கு ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) அச்சுப்பிரதி, பாஸ்போர்ட். அப்பா அம்மாவுடையதை ஒரு ஜிப் பையில் போட்டு, வண்டியின் பெட்டகத்தில் இல்லாமல் என் தோள்பையிலேயே வைத்திருந்தேன். அவர்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால் அந்த அட்டையும் அதிலேயே.

தேசியப் பூங்கா பாஸ் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு வருடப் பாஸ் 80 டாலர். 2026 முதல் வெளிநாட்டினருக்கு 250. 62 வயது தாண்டியவர்களுக்கான மலிவுப் பாஸ் குடிமக்களுக்கும் பச்சை அட்டை வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான். "எனக்கு அறுபத்தெட்டு ஆச்சேடா" என்று அப்பா தயாராக நின்றார், செல்லவில்லை. இந்தப் பாதையில் நுழைவுக் கட்டணம் உள்ள தேசியப் பூங்கா பேட்லாண்ட்ஸ் ஒன்றுதான். அதற்கு வண்டிக்கு 30 டாலர் கட்டினால் முடிந்தது, பாஸே தேவையில்லை. ரஷ்மோர் மலையில் நுழைவு இலவசம். வண்டி நிறுத்த 10 டாலர். அதற்கு எந்தப் பாஸும் செல்லாது.

5. ஒப்பந்தத்தில் பணம் ஒளிந்திருக்கும் இடங்கள்

ஒரு நாள் வாடகை 189 டாலர் என்று பார்த்ததும் பதினொன்றால் பெருக்கிச் சந்தோஷப்பட்டேன். அது கதையில் பாதிகூட இல்லை.

மைலுக்குத் தனிக் கட்டணம், எங்களுக்கு 39 சென்ட். தனிநபர்களிடம் எடுத்தால் ஒரு நாளைக்கு இத்தனை மைல் இலவசம் என்பார்கள், அதற்கு மேல் போனால் கட்டணம். நம் மாதிரி ஓடுகிற பயணத்துக்கு இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் எது மலிவு என்று சொல்ல முடியும். ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கு. பாத்திரம், படுக்கைக்கு ஆள் ஒன்றுக்கு ஒரு தொகை. நாங்கள் வேண்டாம் என்று சொல்லி வீட்டிலிருந்தே எடுத்துப் போனோம். டோல் கட்டணத்தை அவர்கள் வழியாகக் கட்டினால் ஒவ்வொன்றுக்கும் நிர்வாகக் கட்டணம் ஏறும்.

காப்பீடுதான் பெரிய பொறி. உங்கள் கார் பாலிசி வாடகை மோட்டார்ஹோமுக்கும் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள், முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிரெடிட் கார்டு தரும் வாடகை வண்டிக் காப்பீடு அநேகமாக மோட்டார்ஹோமை ஒதுக்கிவிடும். வாடகை நிறுவனம் தரும் காப்பீட்டிலும் கூரை, அடிப்பகுதி, வெயிலுக்கு விரிக்கும் அவ்னிங் துணி ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. புதிதாக ஓட்டுபவர்கள் உடைப்பது சரியாக அந்த மூன்றையும்தான்.

6. கேம்ப்கிரவுண்ட் பதிவு

மத்திய அரசின் பல கேம்ப்கிரவுண்டுகளுக்கு முன்பதிவு ஆறு மாதம் முன்பு திறக்கும். தென் டகோட்டாவின் கஸ்டர் மாநிலப் பூங்காவுக்கு ஒரு வருடம் முன்பே இடம் பிடித்துவிடுவார்கள். தனியார் இடங்கள் இரண்டு மாதம் முன்புகூடக் கிடைக்கும். பதிவு செய்யும்போது மூன்று விஷயம் சரிபாருங்கள்: உங்கள் வண்டி நீளம் அந்த இடத்துக்குப் பொருந்துமா, கரண்ட் 30 ஆம்பா 50 ஆம்பா, கழிவுக் குழாய் இணைப்பு உண்டா. பின்னோக்கி எடுக்கத் தெரியாதவர்கள் நேராக நுழைந்து நேராக வெளியேறும் 'புல் த்ரூ' இடம் கேளுங்கள். ஐந்து டாலர் கூட இருக்கும். கொடுத்துவிடுங்கள், கணவன் மனைவி சண்டையைவிட மலிவு.

டி ஸ்மெட்டில் இங்கால்ஸ் நிலத்திலேயே ஆர்வி நிறுத்தலாம், கூண்டு வண்டியிலும் இரவு தங்கலாம். ஹானிபலில் மார்க் ட்வைன் குகைக்குப் பக்கத்திலேயே கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது. இந்த இரண்டு இடத்துக்கும் முதலில் பதிவு செய்துவிட்டு மற்ற இரவுகளை இடையில் நிரப்புங்கள்.

பெரிய கடைகளின் வாகன நிறுத்தத்தில் இலவசமாக ஒரு இரவு தூங்கலாம் என்பார்கள். கடைக்குக் கடை மாறும். மேலாளரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். ரெட் கிளவுடிலிருந்து ஹானிபல் ஒரே நாளில் ஓட்டும் தூரமில்லை என்பதால் வட மிசௌரியில் நாங்கள் ஒரு இரவு அப்படித் தூங்கினோம். அம்மா மட்டும் தூங்கவில்லை.

7. கரண்ட், தண்ணீர், கழிவு

யாரும் ஒழுங்காகச் சொல்லித்தராத பாடம் இதுதான். வண்டி எடுக்கும்போது அரை மணி நேரம் மடமடவென்று விளக்குவார்கள். முழுவதையும் செல்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வீடியோ ஏழு முறை உதவியது.

*கரண்ட்.* 30 ஆம்ப் என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். மூன்று கால் பிளக். 50 ஆம்புக்கு நாலு கால், அடாப்டர் வாங்கி வைத்திருந்தால் ஒன்றை மற்றொன்றில் செருகலாம். ஏசி ஓடும்போது இண்டக்‌ஷன் அடுப்பை 1,800 வாட்டில் வைத்து, கூடவே தண்ணீர் சூடாக்கியும் ஓடினால் பிரேக்கர் விழும். எங்கள் வண்டியில் முதல் நாள் நான்கு முறை விழுந்தது. அதன் பிறகு அம்மா கேஸ் அடுப்புக்கு மாறினார். வண்டியிலேயே புரொப்பேன் அடுப்பு இருக்கிறது, குக்கர் அதில் நன்றாக வரும். ஊரிலிருந்து கொண்டு வந்த 230 வோல்ட் மிக்சியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், இங்கே ஓடாது. கேம்ப்கிரவுண்ட் மின்பெட்டிகளை நம்ப முடியாது, மின்னழுத்தம் திடீரென்று ஏறினால் வண்டியைக் காக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்று கட்டாயம்.

*தண்ணீர்.* வெள்ளைக் குழாய் குடிநீருக்கு. அதைக் கழிவு அலசப் பயன்படுத்தவே கூடாது. வெந்நீர்த் தொட்டி ஆறு கேலன்தான், ஆறு பேர் வரிசையாகக் குளித்தால் மூன்றாமவருக்குக் குளிர்நீர். கேம்ப்கிரவுண்ட் குளியலறைக்குப் போங்கள்.

*கழிவு.* இரண்டு தொட்டி. கழிப்பறைக் கழிவு பிளாக் டேங்க், குளியல் மற்றும் சமையலறைத் தண்ணீர் கிரே டேங்க். காலி செய்யும்போது பிளாக்கை முதலில் திற, பிறகு கிரே. சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கேம்ப்கிரவுண்டில் குழாய் மாட்டியே இருந்தாலும் பிளாக் வால்வை மூடியே வையுங்கள். திறந்து விட்டால் தண்ணீர் ஓடிவிட்டு மற்றது அடியில் இறுகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் ஒரே வீச்சில் திறக்க வேண்டும். ஆர்விக்கான காகிதம் மட்டும், ஈரத் துடைப்பான் வேண்டவே வேண்டாம். நம் வீட்டார் தண்ணீர் ஊற்றிக் கழுவுபவர்கள் என்பதால் தொட்டி சீக்கிரம் நிரம்பும், இரண்டு நாளைக்கு ஒரு முறை காலி செய்ய வேண்டிவரும். அதில் ஒரு நன்மை, கட்டி சேரவே சேராது.

இனி நான் எங்கேயும் சொல்லாத கதை. கழிவைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனில் முதல் முறை நிறுத்தினேன். அப்பா பக்கத்தில் நின்று வீடியோவை ஓட்டி வாசித்துக் காட்டுகிறார். கையுறை போட்டாயிற்று, குழாய் தயார். கழிவு வாயின் மூடியைத் திருகுகிறேன். வால்வு இரண்டும் மூடியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. அந்தக் காலை எங்கள் பையன் வெளிப்பக்கப் பெட்டியைத் திறந்து வால்வுக் கைப்பிடிகளை இழுத்து விளையாடியிருந்தான். மூடி கால் சுற்றுத் திரும்பியதுமே முழங்கை வரை வந்துவிட்டது. அப்பா இரண்டடி பின்னால் போய், "அடுத்த படி, குழாயை மாட்டவும்" என்றார்.

மூடியைத் தொடும் முன் இரண்டு கைப்பிடியும் உள்ளே தள்ளியிருக்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். கண்ணால் பார்ப்பது போதாது.

8. ஓட்டும்போது

வண்டியின் உயரத்தைக் காகிதத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். 11 அடி 6 அங்குலம் என்று ஒட்டியிருந்தேன். வேகமாக வரும்போது பாலத்தின் பலகையைப் பார்த்து யோசிக்க நேரம் இருக்காது. பின்சக்கரத்துக்குப் பின்னால் எட்டு பத்து அடி வண்டி நீண்டிருக்கும். வலது பக்கம் திருப்பினால் அந்த வால் இடது பக்கம் வீசும். பெட்ரோல் பங்கில் மஞ்சள் தூணை இடிப்பது அந்த வால்தான். பெட்ரோல் போடும் முன் புரொப்பேனை அணைத்துவிடுங்கள்.

தென் டகோட்டா சமவெளியில் காற்று பக்கவாட்டில் அடிக்கும். லாரி கடந்துபோகும்போது முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். தூங்கப் போகும் முன் அவ்னிங்கைச் சுருட்டிவிடுங்கள், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும்.

கஸ்டர் பூங்காவின் நீடில்ஸ் சாலையில் ஊசிக்கண் சுரங்கம் 8 அடி அகலம்தான். வண்டியின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவு, கண்ணாடிகள் தனி. போகாதீர்கள். அலையன்ஸிலிருந்து கிழக்கே மணல்மேடுகள் வழியாக வரும் நெடுஞ்சாலை 2இல் பெட்ரோல் கிடைக்கும் ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும். பாதித் தொட்டியில் நிரப்பிக்கொண்டே வாருங்கள்.

9. இடங்கள்: எதற்கு நேரம் ஒதுக்கலாம், எதற்கு வேண்டாம்

சாலையோர விநோதங்கள் ஆர்விக்கென்றே செய்த மாதிரி. நிறுத்த இடம் தாராளம், பல இடங்களில் நுழைவும் இலவசம். புளூ எர்த்தில் 55 அடிப் பச்சை ராட்சசன் சிலை, கால் மணி நேரம். மிட்செலில் சுவரெல்லாம் சோளக்கதிரால் ஓவியம் செய்த சோள அரண்மனை, ஒரு மணி நேரம். ஓவியங்களை அடிக்கடி பிரித்துப் புதிதாகச் செய்வார்கள். வேலை நடக்கும் சமயம் போனால் பாதிச் சுவர் வெறுமையாக இருக்கலாம். சேம்பர்லினில் ஐ-90 ஓய்விடத்திலேயே 50 அடி உயரப் பழங்குடிப் பெண் சிலை, மிசௌரி ஆற்றைப் பார்த்தபடி. மாலை வெயிலில் போங்கள். வால் என்ற ஊரில் இருக்கும் பெரிய கடையில் காபி 5 சென்ட், ஐஸ் தண்ணீர் சும்மா. ஆனால் குழந்தைகளோடு நுழைந்தால் 60 டாலர் இல்லாமல் வெளியே வர முடியாது. அலையன்ஸில் பழைய கார்களை நட்டு ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி செய்த கார்ஹெஞ்ச் இலவசம், மகன் இன்னும் அதைப் பற்றித்தான் பேசுகிறான். ஆஸ்டினில் டப்பா இறைச்சி அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, சைவக்காரர்களான அப்பா அம்மா வண்டியிலேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார்கள்.

எழுத்தாளர் ஊர்கள் நேர் எதிர். பழைய குறுகிய தெரு, கிளை தாழ்ந்த மரம். வண்டியை ஊர் ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போவதே வழி. முட்டிவலி உள்ள பெரியவர்களை வாசலில் இறக்கிவிடலாம் என்று நினைத்தால் அங்கே நிறுத்த முடியாது. அம்மாவுக்காக மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டே திரிந்தேன்.

பெப்பினுக்கு வெளியே லாரா பிறந்த இடத்தில் மாதிரி மரவீடு, எப்போதும் திறந்திருக்கும், உள்ளே காலி. மதியச் சாப்பாட்டுக்கு நல்ல இடம். வால்நட் குரோவ் அருகே அவர்கள் வசித்த மண்குடில் இருந்த ஓடைக்கரை தனியார் பண்ணைக்குள் இருக்கிறது, கட்டணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். மழைக்குப் பிறகு கனமான வண்டியோடு அந்த மண்பாதையில் நுழையாதீர்கள். குடில் இடிந்துபோய்ப் பல காலம் ஆகிறது, ஒரு பள்ளமும் பலகையும்தான் மிச்சம். குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆனால் ஓடை அப்படியே ஓடுகிறது. மகள் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கி, ஒன்றும் சொல்லாமல் இருபது நிமிடம் நின்றாள். டி ஸ்மெட்டில் லாராவின் அப்பா நட்ட காட்டன்வுட் மரங்கள் இன்னும் நிற்கின்றன. டி ஸ்மெட்டுக்கு ஒரு முழு நாள் வையுங்கள்.

ரெட் கிளவுடில் நாவலாசிரியர் வில்லா கேதர் தொடர்பான வீடுகளுக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். நேரமில்லையென்றால் ஊருக்குத் தெற்கே நெடுஞ்சாலை 281ஐ ஒட்டி அவர் பெயரில் 612 ஏக்கர் புல்வெளி இருக்கிறது, காசில்லாமல் நடக்கலாம். உண்ணிப் பூச்சி ஜாக்கிரதை, முழுக்கால் சட்டை போடுங்கள்.

ஹானிபலில் மார்க் ட்வைன் சிறுவயதில் வாழ்ந்த வீடும் பக்கத்துக் கட்டடங்களும் ஒரே டிக்கெட்டில், குகைக்குத் தனி டிக்கெட். காலை ஒன்பதுக்கு முன் போனால் தெருவோரம் நீளவாக்கில் வண்டியை நிறுத்த இடம் கிடைக்கும், பத்தரைக்குக் கிடைக்காது. குகைக்குள் எப்போதும் 52 டிகிரி ஃபாரன்ஹீட். வெளியே 95 அடித்தாலும் எல்லாருக்கும் ஸ்வெட்டர் எடுங்கள்.

10. மொத்தச் செலவு

வாடகை 2,079 டாலர். மைல் கட்டணம் 913. கூடுதல் காப்பீடு 264. வரி 270. ஜெனரேட்டர் 36. பெட்ரோல் 262 கேலன், 845 டாலர். கேலனுக்கு ஒன்பது மைல்கூட முழுசாக வரவில்லை. கேம்ப்கிரவுண்ட் பத்து இரவு 548. டிக்கெட், பூங்கா எல்லாம் 390. ஆக 5,345 டாலர், சாப்பாடு நீங்கலாக.

எங்கள் சொந்த மினிவேனில் போய், இரவுக்கு அறை ஒன்றுக்கு 130 டாலர் வீதம் இரண்டு அறை எடுத்திருந்தால் 3,600க்குள் முடிந்திருக்கும். அதனால் பணம் மிச்சம் பிடிக்க ஆர்வி எடுக்காதீர்கள். அம்மாவுக்கு நினைத்த நேரத்தில் கழிப்பறை, அப்பாவுக்கு மதியம் படுக்கை, எல்லாருக்கும் ரசம். எங்களுக்கு அந்த 1,700 டாலர் இதற்காகத்தான்.

இது தவிர 1,000 டாலர் வைப்புத்தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். அந்த அளவு வரம்பு உள்ள கார்டைத் தனியாக ஒதுக்கிக்கொள்ளுங்கள், வழியில் பெட்ரோலுக்கு அதையே நீட்டிவிட்டு முழிக்காதீர்கள்.

11. திருப்பிக் கொடுக்கும் நாள்

பெரும்பாலும் காலை 11 மணிக்குள் கேட்பார்கள். தாமதமானால் மணிக்கணக்கில் அபராதம். முந்தைய இரவே ஒரு மணி நேர தூரத்துக்குள் வந்து தங்கி, அங்கேயே இரண்டு தொட்டியையும் காலி செய்துவிடுங்கள். காலி செய்யாமல் கொடுத்தால் அதற்கே நூறு இருநூறு டாலர் போடுவார்கள். பெட்ரோல் எடுத்தபோது எந்த அளவோ அதே அளவுக்கு. உள்ளே பெருக்கி, குளிர்பெட்டியைத் துடைத்துவிடுங்கள்.

எடுத்த நாளில் சுற்றிச் சுற்றி எடுத்த படங்கள் இப்போதுதான் வேலைக்கு வரும். கூரை ஓரம், பம்பர், அவ்னிங், கண்ணாடி, உள்ளே தரை, டயர். எங்களிடம் பின்பக்கப் படிக்கட்டு வளைந்திருப்பதாக 240 டாலர் கேட்டார்கள். ஜூன் 12 காலை 9:14க்கு எடுத்த படத்தைக் காட்டினேன், அதிலும் வளைந்துதான் இருந்தது. விட்டுவிட்டார்கள். ஒரு தண்ணீர்க் குழாய் இணைப்பு தொலைந்ததற்கு 18 டாலர் பிடித்துக்கொண்டு, மீதி வைப்புத்தொகை ஒன்பதாவது நாள் திரும்ப வந்தது.